பிளாஸ்டிக் புல்லுக்கு அடியில்...

முனியம்மாளின் அலறல் கேட்டது.

கஸ்தூரி அடுப்பை அப்படியே விட்டுவிட்டுப் பின்கட்டுக்கு ஓடினாள்.

நேற்று மாலை வரை பலகை போலக் கிடந்த பச்சைத் தரையின் ஓரத்தில்... ஒரு மேடு!

ஓர் ஆள் கால்களை மடக்கிச் சுருண்டு படுத்தால் எப்படி இருக்கும்? அப்படி!

"பொணம்மா... புல்லுக்கு அடியில பொணம் கீதும்மா..." சாணி வாளியைப் போட்டுவிட்டுக் கையை நீட்டிக் காட்டினாள் வேலைக்காரி முனியம்மாள்.

அந்தப் பச்சைத் தரை, உத்திரமேரூர் வட்டாரத்துக்கே அதிசயம். துபாயில் வேலை பார்க்கும் ராஜாராம், மனைவி கஸ்தூரிக்காகக் கப்பலில் அனுப்பிய பிளாஸ்டிக் புல். கல்லூரியில் ஷட்டில் கோப்பை வாங்கியவள், கல்யாணத்துக்குப் பிறகு மட்டையைத் தொடவேயில்லை. மாமனார் வீராசாமிக்கு அதில் வருத்தம். ஷட்டில் கோர்ட்டுக்காக நெற்களத்தில் பாதிக்கு சிமென்ட் போட்டு, புல்லை ஒட்ட மெட்ராஸிலிருந்து பாண்டுரங்கனை வரவழைத்துவிட்டார். புல்லை விரித்த அன்றே இரண்டு ஆடுகள் வந்து கடித்துப் பார்த்து, அவமானப்பட்டுத் திரும்பின.

இப்போது பாண்டுரங்கனைக் காணவில்லை.

மாட்டுக்கொட்டகையில் அவன் பை இருந்தது. பாய் இருந்தது. ஆள் இல்லை!

கஸ்தூரி மாமனாரைப் பார்த்தாள். நேற்று கோடு கோணலாகப் போனதற்காக, "இங்கியே பொதைச்சுடுவேன்" என்று மாமனார் அவனைப் பார்த்துக் கத்தியதைத் தெருவே கேட்டிருந்தது.

வீராசாமியின் பங்காளி வரதனும் கேட்டிருந்தார். களத்தில் தனக்கும் பாத்தியதை உண்டு என்று வருஷக்கணக்காகச் சொல்லிவருபவர். நல்ல மனிதர்... கூப்பிடாமலே ரைஸ் மில்லுக்கு ஓடி, போலீசுக்குப் போன் செய்துவிட்டார்!

ஜீப் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் தணிகைவேல் இறங்கினார். இந்த ஸ்டேஷனுக்கு வந்த நாளாக ஆடு திருட்டையே விசாரித்துச் சலித்தவர். மேட்டைப் பார்த்ததும் முகத்தில் ஒரு களை.

"இந்தப் புல்லைத் தூக்குங்க."

"தொடக் கூடாது," வீராசாமி குறுக்கே நின்றார். "பசை காயறதுக்குள்ள யாரும் கைய வெக்கக் கூடாதுன்னு பாண்டுரங்கன் சொல்லிக்கீறான்."

"அந்தப் பாண்டுரங்கன் எங்கே?"

வீராசாமி மாட்டுக்கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

தணிகைவேல் கான்ஸ்டபிளைப் பார்த்தார். கான்ஸ்டபிள் விலங்கை எடுத்தார். மாமியார் சொக்கம்மாள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். மாமனார் கோபக்காரர்தான்... ஆனால் கொலையா? கஸ்தூரி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"யாருங்க அது, செருப்போட புல்லு மேல நிக்கறது?"

எல்லோரும் திரும்பினார்கள்.

கையில் ஒரு டின்னுடன் நின்றுகொண்டிருந்தான்... செத்துப்போன பாண்டுரங்கன்!

நேற்று பசை சொல்யூசன் தீர்ந்துவிட்டதாம். அந்த ஓரத்தில் தரைக்குப் பூசியாயிற்று, புல்லின் அடிப்பக்கத்துக்குப் போதவில்லையாம். முதல் பஸ்ஸில் காஞ்சிபுரம் போய் வாங்கி வருகிறானாம்.

விலங்கு பைக்குள் போனது. தணிகைவேலின் முகத்துக் களையும் போனது.

"அப்போ... உள்ளே யாரு?"

பாண்டுரங்கனே ஓரத்தைப் பிடித்து மெல்லச் சுருட்டினான்.

கல். கரிய கல். மல்லாந்து கிடந்தாள் ஓர் அம்மன்!

முனியம்மாள் ஓடிப்போய் மஞ்சளும் குங்குமமும் கொண்டுவந்து அப்பினாள். எட்டிப் பார்த்த கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. தணிகைவேல் தொப்பியைக் கழற்றினார். முதலில் குரல் கொடுத்தவர் வரதன்தான். ஆத்தா தானாக எழுந்துவிட்டாள், இனி இது களமும் இல்லை, கோர்ட்டும் இல்லை, கோயில் நிலம் என்றார். கூட்டம் தலையாட்டியது.

போச்சு! கோர்ட் போச்சு, களமும் போச்சு!

கஸ்தூரி குனிந்து பார்த்தாள். அம்மனுக்குக் கீழே சிமென்டில் ஒரு கீறல் இல்லை.

"பூமிய பொளந்துக்கினு வந்திருந்தா சிமென்ட் வெடிச்சிருக்கணுமே?" என்றாள்.

"ஆத்தாளுக்கு சிமென்ட் ஒரு தடையாம்மா?" என்றார் வரதன். கூட்டம் அதற்கும் தலையாட்டியது.

பக்திப் பரவசத்தில் அவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி விரித்தார். "தாயே..."

கஸ்தூரி அந்த உள்ளங்கைகளைப் பார்த்தாள். கறுப்பு!

"கையில இன்னா சின்ன மாமா?"

"வண்டி மசிம்மா." கைகள் சட்டென்று இறங்கின.

கஸ்தூரி விடவில்லை. அவர் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினாள். கறுப்புக்கு நடுவே பொடிப்பொடியாக, பச்சையாக...

"வண்டி மசியில பிளாஸ்டிக் புல்லு மொளைக்குமா சின்ன மாமா?"

பாண்டுரங்கன் தன் உள்ளங்கையை அருகில் நீட்டினான். அதே கறுப்பு... அதே பச்சை! இந்தப் பசை சோப்பு போட்டால் போகாது, பெட்ரோல்தான் வேண்டும் என்று ஆலோசனையும் சொன்னான்.

வரதன் உட்கார்ந்துவிட்டார். ஏரிக்கரைப் பாழ்மண்டபத்திலிருந்து சிலையை ஆள் வைத்து வண்டியில் ஏற்றி வந்ததை ஒப்புக்கொண்டார். கோயில் என்றாகிவிட்டால் தர்மகர்த்தா தான்தானே என்ற கணக்கையும் சொன்னார். கான்ஸ்டபிள் மறுபடியும் விலங்கை எடுத்தார்.

கஸ்தூரிக்கு மூச்சு வந்தது. சிலையை இருந்த இடத்திலேயே வைத்துவிடலாம் என்றாள்.

"யாரும் தொடாதீங்க!" சொக்கம்மாள் முன்னால் வந்தாள். "மஞ்சா, குங்குமம் வெச்சாச்சு. திரும்பப் பாழ்மண்டபத்துக்கு அனுப்ப நான் சம்மதிக்க மாட்டேன். இங்கதான் இருப்பா."

கஸ்தூரிக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை பாடுபட்டு... கடைசியில் அத்தையா?

சொக்கம்மாள் மருமகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏன்டி முழிக்கிற? நடுவுல இல்ல. வலை கட்டற கம்பத்துக்கு அந்தாண்ட, கோட்டுக்கு வெளிய. நீ ஆடறத அவளும் பாக்கட்டும். வெளக்கு நான் ஏத்தறேன்."

மேலிடத்துக்கு எழுதி உத்தரவு வரும்வரை அம்மன் அங்கேயே இருக்கட்டும் என்றார் தணிகைவேல். வரதனை ஜீப்பில் ஏற்றிவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"நான் எத்தனையோ கோர்ட் ஏறி இறங்கிட்டேம்மா... ஆத்தாளே ஜட்ஜா உக்காந்திருக்கற, அப்பீலே இல்லாத கோர்ட்டை இப்பதான் பார்க்கறேன்!"