சைப்ரஸ் வேலியின் மதில்பக்கம்

நாத்தனார் வீட்டுக்கு அவளும் கணவனும் குடிபோனது ஒரு வெயில் மதியத்தில். நாத்தனார் குடும்பத்தோடு வெளிநாடு கிளம்பிக்கொண்டிருந்தாள். வீடு சும்மா கிடக்கும். தம்பி மனைவியான அவளுக்கும் ஒரு இடமாற்றம் நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிறந்த குழந்தை அழாமலே போனபிறகு அவளும் அழவில்லை. சாப்பிடு என்றால் சாப்பிட்டாள். படு என்றால் படுத்தாள். அவ்வளவுதான்.

தோட்டத்து ஓரம், மதிலை ஒட்டினாற்போல், சைப்ரஸ் மரங்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வேலியாக நின்றன. ஆளுயரத்துக்கும் மேலே, கரும்பச்சையாக.

"தண்ணிய நிறைய ஊத்திடாத, வேர் அழுகிடும்," என்றாள் நாத்தனார், பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டே. "நுனிய மட்டும் வெட்டு. பச்சையத் தாண்டி உள்ள பழுப்புக் கட்டையில கத்தரி பட்டுச்சுன்னா அந்த இடம் திரும்பத் துளிர்க்காது. ஓட்டையாவே நின்னுடும்."

அவள் தலையாட்டினாள்.

கணவன் மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்குக் கிளம்பியதும், நீளக்கைப்பிடி போட்ட கத்தரியை எடுத்துக்கொண்டு மரங்களிடம் போவது அவளுக்கு வழக்கமானது. சரக், சரக். வெட்டிய நுனிகளில் பிசின் கசியும். வேறெதுவும் உறைக்காத மனசுக்கு அந்த வாசனை மட்டும் கொஞ்சம் எட்டியது.

ஒருநாள் கை ஓய்ந்து நிறுத்தினாள்.

சத்தம் நிற்கவில்லை.

சரக். சரக்.

மரங்களுக்கு அந்தப் பக்கம். அவசரமே இல்லாமல், வேலை தெரிந்த கை வெட்டுகிற மாதிரி.

வேலி முடியும் இடத்துக்குப் போய் எட்டிப் பார்த்தாள். மதிலுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு பூனைகூட நுழைய முடியாது. உள்ளே இருட்டு, ஈர மண் வாடை. தரையில் மட்டும், அப்போதுதான் வெட்டிய பச்சை நுனிகள்.

வேறு யாராக இருந்தாலும் கத்தரியைப் போட்டுவிட்டு ஓடியிருப்பார்கள். அவள் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து வெட்டத் தொடங்கினாள். அவள் வேகத்துக்கு ஏற்ப அந்தப் பக்கமும் வெட்டியது.

விடுமுறை நாளில் ஏணி போட்டு ஏறிய கணவன் பார்த்துவிட்டான்.

"பின்பக்கம் இவ்வளவு சீரா இருக்கே, எப்படி எட்டின?"

"நான் எட்டல."

"பின்ன யாரு?"

"தெரியல. தினமும் வர்றாங்க."

சிரிக்கப் போனவன் அவள் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டான். இறங்கி வந்து அக்காவுக்குப் போன் போட்டான்.

"பின்பக்கம் நாங்க வெட்டினதே இல்லயேடா," என்றாள் அக்கா. "அவள அங்க தனியா விடாத," என்று மெல்லச் சேர்த்தாள்.

அவன் கிளைகளை விலக்கிப் பார்த்தான். நடுவில் ஓரிடத்தில், மதில்பக்கத்திலிருந்து, பச்சையைத் தாண்டிப் பழுப்புக் கட்டைவரை வெட்டுப்பட்டிருந்தது. ஓர் ஆள் நிற்கிற உயரம். தோள் அகலம். இந்தப் பக்கத்துக்கு மிச்சம் இருந்தது மெல்லிய ஒரு படலம் இலை மட்டுமே.

அந்தப் படலத்துக்கு எதிரேதான் அவள் தினமும் நின்று வெட்டுவாள்.

"வா, போயிடலாம்," என்று கிசுகிசுத்தான்.

சரக்.

பட்டப்பகலில், இருவர் கண்ணெதிரே, ஒரு பச்சை நுனி அவள் பாதத்தில் விழுந்தது.

அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினான். அவள் முரண்டு பிடிக்கவில்லை. வாசலில் மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"பாதியில விட்டுட்டு வர்றோமே," என்றாள்.

அன்றைக்கே வீட்டைக் காலி செய்தார்கள். ஊரின் மறுகோடியில், மூன்றாவது மாடியில் ஒரு வீடு கிடைத்தது. பால்கனியில் ஒரு தொட்டிச் செடிகூட இல்லை. வீட்டில் கத்தரிக்கோலே கிடையாது; கணவன் நகவெட்டியைக்கூடக் கடையில்தான் வைத்திருந்தான். நாட்கள் போயின. அவள் கொஞ்சம் பேசவும் ஆரம்பித்தாள்.

ஒரு காலையில் டீ எடுத்து வந்தவன் அறை வாசலிலேயே நின்றுவிட்டான். ஜன்னலைப் பார்த்தபடி, முதுகு காட்டிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள் அவள். இடுப்புவரை தொங்கும் அவள் கூந்தல் பிடரியோடு நின்றிருந்தது, நூல் பிடித்த மாதிரி. மெத்தையில், தரையில், எங்கும் ஒரு முடி இல்லை.

"யாரு... யாரு வெட்டினது?"

அவள் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவினாள். விரலில் பிசின் ஒட்டியது.

"நேரா இருக்கா?" என்று கேட்டாள்.