மோகன் ஒட்டிய தகடு

கப்பல் முழுக்கப் பெயிண்ட் பளபளவென்றிருந்தது. கீழ்த்தளத்தில் அந்த ஒரு தகட்டில் மட்டும் உரிந்து தொங்கியது.

“மூணு வாட்டி அடிச்சாச்சுண்ணா, நிக்கவே மாட்டேங்குது,” என்றாள் சாமுண்டீஸ்வரி, துடைப்பத்தைக் கையில் பிடித்தபடி. “இத்த ஒட்டுனது நீதானே? அதான் போன் போட்டேன்.”

மோகன் தலையாட்டினான். ஓய்வு பெற்ற அந்தப் போர்க்கப்பலைத் துண்டு துண்டாக வெட்டி, லாரிகளில் நசரத்பேட்டைக்குக் கொண்டுவந்து, நெடுஞ்சாலை ஓரத்தில் திரும்பவும் வெல்டிங் வைத்து ஒட்டி மியூசியமாக்கியபோது, அம்பத்தூர்ப் பட்டறையிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் அவனும் அவள் புருஷன் வேம்புலியும். திறப்பு விழாவுக்கு முந்தின நாள் வேம்புலி காணாமல் போனான். பெங்களூருக்கு ஓடிவிட்டதாகச் சொன்னவன் மோகன். இங்கே அவளுக்குக் கூட்டும் வேலை வாங்கிக்கொடுத்ததும் அவன்தான். அதற்கு நன்றியாகத் தீபாவளிக்குத் தீபாவளி அவள் கொண்டுவரும் பலகாரத்தை அவன் பிரிக்காமலே யாருக்காவது கொடுத்துவிடுவான்.

ஞாயிறு மதியம். மேல்தளத்தில் பீரங்கியைச் சுற்றிக் குழந்தைகள் ஓடும் தடதடப்பு இங்கே வரும்போது தேய்ந்துபோயிருந்தது. துருவும் பழைய எண்ணெயும் கலந்த வாடைக்கு அடியில், இரண்டு வருஷமாக யாரும் எரிக்காத வெல்டிங் கம்பியின் புகைநாற்றம் மெல்ல மூக்கில் ஏறியது. வெயிலே படாத தகட்டைத் தொட்டுப் பார்த்தான். சுட்டது.

“சத்தம் வேற வருதுண்ணா. டக், டக், டக்னு. எங்க ஊட்டுக்காரரு கதவத் தட்ற மாதிரியே கீது. பேச்சுத்துணைக்கு ஆள் இல்லன்னா நானும் தட்டுவேன்.”

“இரும்பும்மா. விரியும், சுருங்கும்.”

இந்தத் தகட்டை ஒட்டிய பிறகு தனக்கே சொல்லிக்கொண்ட பொய்தான் அது. அன்றைக்குத் தகட்டுக்குப் பின்னால் இருந்த அறைக்குள் துரு சுரண்டப் போன வேம்புலி வழக்கம்போல டீக்கடைக்கு நழுவியிருப்பான் என்று, ஒரு குரல்கூடக் கொடுக்காமல் தகட்டை வைத்து ஒட்டினான். கடைசி ஓர் அங்குலம் பாக்கி இருக்கும்போது உள்ளேயிருந்து மூன்று தட்டு. வேலையை நிறுத்து என்பதற்கு அவர்களுக்குள் இருந்த அடையாளம். பின்னால் மேஸ்திரி அவசரப்படுத்திக்கொண்டு நின்றான். விழா முடிந்ததும் திறந்துவிடலாம் என்று மோகன் அந்த அங்குலத்தையும் முடித்தான்.

விழா மூன்று நாள் நடந்தது. பேண்டு வாத்தியத்தில் வேறு யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் தட்டுவது நின்றது. வெளியே கிடந்த வேம்புலியின் செருப்பை எடுத்து ஏரியில் வீசினான்.

சொல்லிவிட வேண்டும். இப்போதே.

டக். டக். டக்.

அவள் சிரித்தபடி துடைப்பக் கட்டையால் திருப்பித் தட்டினாள்.

தகட்டின் கீழ்மூலையில் ஒரு புள்ளி சிவந்தது. நகர்ந்தது. உள்ளேயிருந்து யாரோ பொறுமையாக வெல்டிங் கம்பி பிடித்துப் போவதுபோல, அவன் ஒட்டிய கோட்டின் மேலேயே. பெயிண்ட் கொப்புளித்தது. புகை. ஏறியது. வளைந்தது. கடைசி அங்குலத்தில், அவள் ஊன்றியிருந்த கைக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

“சாமுண்டி, கைய எடும்மா!”

“ஏண்ணா? சில்லுனுதான கீது.”

செக்கச்செவேலென்று எரிந்த கோட்டின் மேல் உள்ளங்கையை விரித்து, கன்னத்தையும் வைத்து, கண்ணை மூடிக் காது கொடுத்தாள்.

“இருண்ணா,” என்றாள். “இன்னாவோ சொல்றாரு.”

கேட்கக் கேட்க அவள் சிரிப்பு நின்றது. கன்னத்தை எடுக்காமலேயே கண்ணைத் திறந்து மோகனைப் பார்த்தாள்.