மூன்றாவது கன்வெர்ட்டர்

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பும்போது பெஞ்சமின் போகிற போக்கில் காரின் பானெட்டில் கையை ஊன்றினான். சூடாக இருந்தது. வெயில் பட்ட சூடு இல்லை; ஷெட்டுக்குள் காலை வெயில் வராது. உள்ளே ஏதோ ஒன்று நெடுநேரம் உழைத்துவிட்டு இப்போதுதான் ஓய்ந்ததுபோல, காய்ச்சல்காரனின் நெற்றியைத் தொட்டதுபோல ஒரு சூடு. வியாழக்கிழமைக்குப் பிறகு அந்த வண்டியை யாரும் எடுக்கவில்லை. சாவி மாடியில், அவன் தலையணைக்கு அடியில் இருந்தது.

கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். பொன்மலை ரயில்வே குடியிருப்புப் பக்கமிருந்து யாரோ துணி துவைக்கிற சத்தம் வந்தது. ஷெட்டுக்குள் அழுகிய முட்டை நாற்றம். அந்த நாற்றம் வந்தால், புகையின் நஞ்சை முறிக்கிற கன்வெர்ட்டர் மறுபடி போய்விட்டது என்று அர்த்தம்; அது அவனுக்கு இப்போது நன்றாகத் தெரியும். உள்ளே எட்டிப் பார்த்தான். டாஷ்போர்டு இருண்டு கிடந்தது. இடப்பக்க முன்சீட் மட்டும் முழுக்கப் பின்னால் சாய்ந்திருந்தது. அவன் அதை நிமிர்த்தித்தான் வைத்திருந்தான்.

பூசையில் எதுவும் காதில் விழவில்லை.

மறுநாள் மத்தியானம் பாலக்கரையில் இம்தியாஸின் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனான்.

"திரும்பவுமா?" இம்தியாஸ் சிரித்தான். "பேசாம இங்கயே ஒரு கட்டில் போட்டுத் தரேன் சார், தங்கிருங்க."

வண்டியைத் தூக்கி, அடியில் போய்க் கன்வெர்ட்டரைக் கழற்றி எடுத்து வந்தான். குலுக்கினான். சரளைக்கல் உருள்வதுபோல் சத்தம் கேட்டது. உள்ளே தேன்கூடுபோல இருக்கவேண்டிய பகுதி பொடிந்து கரியாகக் கொட்டியது. ஒன்றரை வருஷத்தில் இது மூன்றாவது கன்வெர்ட்டர்.

"வண்டிக்கு உங்க மேல ஏதோ கோவம் சார். ஆயில் எரியல. பிளக் சுத்தமா இருக்கு. சென்சாரையும் மாத்தியாச்சு. பேட்டரியும் பெட்ரோலுமா ஓடுற பழைய ஹைப்ரிட்டுதான், ஒத்துக்குறேன். ஆனா இப்படிக் கன்வெர்ட்டரத் திங்காது."

"பெட்ரோல் சரியில்லையோ என்னவோ."

"பங்க்கைத்தான் போன தடவையே மாத்தச் சொன்னேனே."

இம்தியாஸ் ஸ்கேனரை மாட்டினான். திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். வெளியே பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின.

"சார், வண்டியில யாரு படுக்குறது?"

"யாரும் இல்லையே."

"இஞ்சின் ஓடின நேரத்தையும் வண்டி போன தூரத்தையும் பாருங்க. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல. நின்ன எடத்துலயே ஓடிருக்கு. கோளாறு பதிவான ஒவ்வொரு தடவையும் வேகம் சைபர், ஏசி ஆன்." கன்வெர்ட்டரைக் காலால் தள்ளினான். "ஸ்டார்ட் பட்டனத் தட்டி ரெடியில போட்டு ஏசிய வச்சா இது மூச்சே விடாது, ஆஃப்ல இருக்குன்னுதான் நெனைப்போம். பேட்டரி எறங்கினா இஞ்சின் தானா முழிச்சுக்கும். ஏத்திட்டுத் தூங்கிரும். திரும்ப முழிக்கும். முழிக்கிறப்பல்லாம் அரைகுறையா எரிஞ்ச பெட்ரோல் இதுல வந்து விழும். இது செத்துப்போச்சுன்னா அப்புறம் வர்ற புகை ஆளையே கொன்னுரும் சார்."

இம்தியாஸுக்கு ஏதோ ஞாபகம் வந்தது.

"உங்க அருள்ராஜ் அண்ணன்தான் இப்படிப் படுப்பாரு. கரண்டு போனா வண்டிக்குள்ள போய் ஏசியப் போட்டுக்குவாரு. ஷட்டர மட்டும் மூடிராதீங்கண்ணேன்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். மூடவே மாட்டாரு." திரையிலிருந்து கண்ணை எடுத்துப் பெஞ்சமினைப் பார்த்தான். "அன்னைக்கு ஏன் மூடினாருன்னுதான் சார் எனக்குப் புரியவே இல்ல."

அண்ணன் மூடவில்லை.

போன வருஷக் கோடை. கரண்டு இல்லாத மத்தியானம். கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டோடு அண்ணன் இடப்பக்க முன்சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்தான். மாடியைக் காலி பண்ணச் சொல்லிக் காலையில்தான் சத்தம் போட்டிருந்தான்: "சம்பாதிக்கத் துப்பில்லாதவனுக்கு மாடி ஒரு கேடா?" பெஞ்சமின் சத்தமில்லாமல் இறங்கிவந்து ஷட்டரைப் பிடித்தான். டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிவது தெரிந்தது. அப்போதே கன்வெர்ட்டர் கெட்டிருந்தது. கண்ணாடிக்கு உள்ளேயிருந்து அண்ணன் அவனைப் பார்த்தான். கண் கூசாமலிருக்கத்தான் தம்பி இழுக்கிறான் என்று நினைத்திருக்க வேண்டும். கையைத் தூக்கி, சரி சரி என்பதுபோல ஆட்டினான். பெஞ்சமின் ஷட்டரைத் தரைவரை இழுத்துவிட்டு மாடிக்குப் போய் நுங்கு உரித்துத் தின்றான். சாயங்காலம் அண்ணனைப் பிணமாகத்தான் வெளியே எடுத்தார்கள்; எல்லாரும் விபத்து என்றார்கள். "அவர் ஆசையா வாங்கின வண்டி தம்பி, நீங்களே வச்சிருங்க" என்று டெல்பின் அண்ணிதான் சாவியைக் கையில் வைத்தாள்.

"அண்ணிகிட்ட ஒரு வார்த்த கேக்கட்டுமா?" என்றான் இம்தியாஸ். "நம்பர் இருக்கு."

"வேணாம்." குரல் உயர்ந்துவிட்டது. "அப்படியே மாட்டிக் குடு. லால்குடியில வண்டி உடைக்கிறவங்க இருக்காங்கள்ல, இன்னைக்கே தள்ளிர்றேன்."

இம்தியாஸ் செத்த கன்வெர்ட்டரையே திரும்ப மாட்டினான்.

"சைலன்சர் ஜாயின்டும் விட்டிருக்கு. புகை உள்ள வரும். கண்ணாடிய எறக்கி வச்சே ஓட்டுங்க சார்."

வண்டியை உடைத்துவிட்டால் அந்தத் திரையில் இருந்ததும் உடைந்துவிடும். அது போதும். இருட்டுகிற நேரத்தில் காவிரிப் பாலத்தில் ஏறினான். ஏறியதும் மழை பிடித்துக்கொண்டது. முன்னால் லாரி, பின்னால் பஸ், இருபுறமும் ரெயின்கோட்டுகளும் சிவப்பு விளக்குகளும், எதுவும் நகரவில்லை. தூரத்தில் ஸ்ரீரங்கம் கோபுரம் மழையில் கரைந்து, இருக்கிறதா இல்லையா என்று சொல்லமுடியாதபடி நின்றது. சாரல் தோளை நனைத்தது. நனையட்டும் என்று நான்கு கண்ணாடிகளையும் இறக்கி வைத்திருந்தான்.

கண்ணாடிகள் மேலே ஏறின.

நான்கும் ஒன்றாக. மெதுவாக. பட்டனை அழுத்தினான். மறுபடி அழுத்தினான். மழைச் சத்தம் அறுந்துபோனது. ஏசி வீச ஆரம்பித்தது. கதவைத் தள்ளினான். பூட்டு அசையவில்லை.

அடியில் இஞ்சின் முழித்துக்கொண்டது.

முட்டை நாற்றம் காலடியிலிருந்து எழுந்தது. ஹாரனை அழுத்தினான். எல்லாரும்தான் அடித்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியைத் தட்டினான். பக்கத்து பைக்கில் இருந்தவன் திரும்பினான். உள்ளே ஏசியில் உட்கார்ந்திருப்பவனைப் பார்த்து, என்ன சார் அவசரம் என்பதுபோலத் தலையசைத்துவிட்டு முன்னால் பார்த்தான்.

அப்போதுதான் அந்த பீப் சத்தம் கேட்டது. டாஷ்போர்டில் ஒரு சிறிய சிவப்பு உருவம் மின்னியது. பக்கத்து சீட்டில் ஆள் இருக்கிறார், பெல்ட் போடவில்லை.

சீட் காலியாக இருந்தது.

பீப். பீப். தலை கனத்தது. நெற்றிப்பொட்டில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல். அந்தச் சத்தம் நின்றால் போதும் என்றிருந்தது. திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி, பெல்ட்டை இழுத்து, குறுக்கே கொண்டுவந்து மாட்டினான். க்ளிக். பீப் நின்றது.

எவ்வளவு நிம்மதி.

பார்க்கக்கூடாது என்று நினைத்தான். பார்த்தான்.

பெல்ட் சீட்டில் படியவில்லை. ஒரு மார்பின் மேல் படிவதுபோல அந்தரத்தில் வளைந்து நின்றது. மெல்ல உயர்ந்தது. தாழ்ந்தது. உயர்ந்தது. ஆழ்ந்து தூங்குகிறவனின் மூச்சு. அவசரமே இல்லாத மூச்சு.

பெஞ்சமின் வாயைத் திறந்தான். காற்று வந்தது. காற்றாக இல்லை. கை மடியில் விழுந்தது. எடுக்க நினைத்தான். வரவில்லை. கண்ணாடிக்கு வெளியே மழையும் ஆட்களும், கைக்கெட்டும் தூரத்தில்.

பக்கத்து சீட் மெதுவாகப் பின்னால் சாய்ந்தது. கடைசிவரை.

பெல்ட் உயர்ந்தது. தாழ்ந்தது.

பிறகு அவனுடைய சீட்டும் சாயத் தொடங்கியது.