பதினான்காவது பல்

காலை பத்து மணிக்குப் பட்டறையைத் திறந்தோம். என் மனைவியின் அண்ணன், அவள் அப்பா, நான். பல்செட் செய்யும் பட்டறை. டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். அவள் செய்து கொடுப்பாள். அவள் இறந்து ஏழு வாரம்.

காலி செய்ய மச்சான் வண்டி கொண்டுவந்திருந்தார்.

உள்ளே மெழுகு வாசனை. உருகி, இன்னும் ஆறாத மெழுகு.

"யாராவது வந்து வேலை பாக்கறாங்களா?" என்றார் மச்சான்.

"சாவி என்கிட்டதான் இருக்கு."

மேஜை மேல் மாமாவின் மேல்வரிசை செட். அப்பாவுக்காக அவள் தொடங்கிய கடைசி வேலை. பதினான்கு பல் வைக்க வேண்டும். இளஞ்சிவப்பு மெழுகில் ஒன்பதைப் பதித்திருந்தபோது செத்துப்போனாள்.

இப்போது பதின்மூன்று இருந்தன.

மாமா விரலால் தொட்டு எண்ணினார். "எத்தனை நாளா நடக்குது மாப்ளே?"

"அவ போன மறுவாரத்துல இருந்து. தெனம் ஒண்ணு."

"அப்ப எப்பவோ முடிஞ்சிருக்கணுமே."

சட்டைப் பையில் இருந்ததை மேஜையில் கொட்டினேன். முப்பதுக்கு மேல் இருக்கும்.

"பதிமூணு ஆனதும் ஒண்ணப் புடுங்கிடுவேன். முடிச்சா போயிடுவா. போக விடமாட்டேன்."

"உனக்கென்ன பைத்தியமா?" மச்சானின் குரல் உடைந்தது. "அப்பா ஏழு வாரமா எல்லாத்தையும் கரைச்சுக் குடிக்கிறாரு!"

"நான் எலும்பு கடிக்கலன்னு எவன் அழுதான்?" என்றார் மாமா.

மச்சான் செட்டை எடுக்கக் கை நீட்டினார்.

ஸ்பிரிட் விளக்கு பற்றிக்கொண்டது.

யாரும் தீக்குச்சி உரசவில்லை.

மெழுகுக் கத்தி தானாக எழுந்து சுடரில் நின்றது. அதன் நுனி கருத்தது. அவள் வேலையில் மூழ்கியிருக்கும்போது மூக்கால் விடும் அந்தச் சின்ன மூச்சு, என் தோளருகே கேட்டது.

"தங்கச்சி..." என்றார் மச்சான். அதற்கு மேல் நிற்கவில்லை. வெளியே வண்டி கிளம்பிப் போனது.

பதினான்காவது பல் மெழுகில் உட்கார்ந்தது.

பிடுங்கினேன். விரல் வெந்தது. அடுத்த பல் உட்கார்ந்தது. அதையும் பிடுங்கினேன். மூன்றாவது உட்கார்ந்தபோது மாமா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"விடுங்க மாப்ளே."

போகட்டும் என்கிறார் என்று நினைத்தேன்.

"உங்க விரல்ல தோலே இல்ல. தள்ளுங்க. வாய் என்னோடது, நான் புடுங்கறேன்."

பிடுங்கினார். ஒன்றல்ல. மெழுகிலிருந்த பதினான்கையும்.

"கோவிச்சுக்குவா மாமா."

"கோவிக்கட்டும். கோவிச்சாலும் இங்கதானே இருந்தாகணும்?"

விளக்கு அணைந்தது. மூச்சும் நின்றது. ஏழு வாரத்தில் முதல்முறையாக எனக்குச் சிரிப்பு வந்தது.

சிரித்த வாய் மூடவில்லை.

கண்ணுக்குத் தெரியாத இரண்டு விரல்கள் என் கன்னத்தை உள்ளிருந்து இழுத்துப் பிடித்திருந்தன. குளிர்ந்த மாவு ஈறுகளில் பரவியது. பல்செட்டுக்கு அளவெடுக்கும் மாவு. எனக்கு வயது இருபத்தொன்பது. ஒரு சொத்தைப் பல்கூடக் கிடையாது.

"மாப்ளே," மாமா கிசுகிசுத்தார், "வாய மூடுங்க. தலையத் திருப்புங்க."

இன்னும் அகலமாகத் திறந்தேன்.

கடைவாயில் முதல் பல் ஆடியது.