கூப்பிட்டுப் பார்த்த பெயர்

அவர்கள் அந்த வீட்டில் வந்து இறங்கியபோது வெளியே நல்ல வெயில். ஆனால் கதவைத் திறந்ததும் உள்ளே ஏற்கெனவே சாயங்காலம் ஆகியிருந்தது. நீளமான ஒரு நடை. அதன் இந்த முனையில் சமையலறை, அந்த முனையில் மரப்படி. மாடியில் இரண்டு அறைகள். ஒன்று படுக்கையறை, இன்னொன்று பூட்டிக் கிடந்தது.

"அங்க தரைப்பலகையெல்லாம் உளுத்துப் போச்சு. திறக்க வேண்டாம்," என்றார் வீட்டுக்காரர். சாவியைக் கையில் வைத்தவர் அதற்கப்புறம் ஒரு வாய் தண்ணீருக்குக்கூட நிற்கவில்லை.

புருஷன் ரயில் நிலையங்களில் ஒலிபெருக்கி பொருத்துகிறவன். அறிவிப்பு கடைசிப் பெட்டிக்காரன் காதிலும் விழுகிறதா என்று பார்ப்பதுதான் அவன் பிழைப்பு. சத்தம் எப்படிப் போகிறது, எதில் மோதித் திரும்புகிறது என்று கேட்டால் சோறு தண்ணீர் இல்லாமல் விளக்குவான். கேட்காவிட்டாலும் விளக்குவான். மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. பிரசவ விடுப்பில் இருந்தாள். இருவருக்கும் நடுவில், பிறந்து நான்கு மாதமாகியும் பெயரில்லாத ஒரு பையன்.

திங்கட்கிழமைக்குள் பெயரைப் பதிந்தாக வேண்டும். அவன் என்ன பெயர் சொன்னாலும் அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"அது வேண்டாம். அந்தப் பேர்ல ஒருத்தன் என் நாற்காலில பசை தடவினான்."

"சரி, இது?"

"அது அவன் அண்ணன்."

பதினோரு வருடம் பிள்ளைகளை மேய்த்தவளுக்கு நடப்பிலிருந்த எல்லாப் பெயரும் கெட்டுப்போயிருந்தது. அவனுடைய அக்கா தினமும் போன் செய்து கரித்துக் கொட்டினாள். "ஏன்டா தம்பி, பேர் வைக்கக் கமிட்டி ஏதாவது போட்டிருக்கீங்களா?" குழந்தையோ எப்படிக் கூப்பிட்டாலும் தலையைத் திருப்புவதில்லை. காதில் ஒரு குறையுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். "பேரே இல்லாதவன் எதுக்குத் திரும்புவான்?" என்று அவள் எரிந்து விழுந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. மின்சாரமும் போனது. அவன் பொறுமை இழந்து ஒரு வழி கண்டுபிடித்தான். தொழில்காரன் வழி.

"நீ பிள்ளையோட மாடில நில்லு. நான் சமையல்கட்டுலேர்ந்து ஒவ்வொரு பேரா கூப்பிடறேன். எது தெளிவா வருதோ அதுதான் பேர். பேருங்கறது கூப்பிடத்தானே?"

"உங்களுக்கு எல்லாமே ஸ்டேஷன்தான்," என்றபடி அவள் படியேறினாள்.

அவன் கூப்பிட்டான். புதுப் பெயர்கள் எல்லாம் குட்டையானவை, மெல்லியவை. நடையிலேயே கரைந்து போயின.

"கேக்கல!"

இன்னொன்று.

"ஏதோ தும்மற மாதிரி கேக்குது!"

இதற்கு ஒரு காரணம் உண்டு, அவனுக்கு அது அத்துப்படி. மெல்லிய ஒலிகளைச் சுவரும் துணிமணியும் குடித்துவிடும். வாய் திறந்து நீளும் ஒலிதான் தூரம் போகும். அந்தக் காலப் பெயர்கள் நடுவில் நீண்டு, முடிவில் வாய் திறந்தபடி நிற்கும். தெருக்கோடியில் விளையாடும் பிள்ளையை வாசலிலிருந்தே வீட்டுக்கு வரவழைக்கத் தோதானவை.

"அப்ப ஒரு பழைய பேர் சொல்லவா?" என்று மேலிருந்து குரல் கொடுத்தாள். இறங்கிப் பாதிப் படியில் நின்று, அந்தப் பெயரைச் சொன்னாள்.

அதை இங்கே எழுதவில்லை. எழுதினால் யாராவது வாய்விட்டுப் படித்துவிடக்கூடும்.

"எங்க பிடிச்ச இதை?"

"தெரியல. காலைல இந்தப் படில வரும்போது மனசுல வந்துச்சு. என் கிளாஸ்ல ஒருத்தனுக்கும் இல்ல."

அவள் மறுபடி மேலே போனாள். அவன் நெஞ்சு நிறைய மூச்சிழுத்துக் கூப்பிட்டான். பெயர் நடை முழுவதும் உருண்டு ஓடி, படியேறிப் போனது. நன்றாக விழுகிறது என்று அவன் சிரிப்பதற்குள், மேலிருந்து பதில் வந்தது.

"வர்றேன்!"

அவள் விளையாடுகிறாள் என்று நினைத்தான். அவளோ முகம் சுளித்துக்கொண்டு குழந்தையோடு இறங்கி வந்தாள். "எதுக்குச் சின்னப் பையன் குரல்ல பேசறீங்க? பிள்ளை பயந்துக்கப் போறான்."

"நீதானே பேசின?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

அவன் விளக்க ஆரம்பித்தான். பழைய வீடு, ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கிறது, பக்கத்து வீட்டுச் சத்தம் குழாய் வழியாக ஏறி வரும். அவள் பல்லைக் கடித்தாள். "விளக்கம் போதும். இன்னொரு தடவை கூப்பிடுங்க. நான் இங்கேயே நிக்கறேன்."

அவன் சமையலறை வாசலில் நின்று, முதலில் ஓங்கிக் கை தட்டினான். எதிரொலி ஒற்றைத் தட்டாகத் திரும்பி வந்து அடங்கியது. எதிரொலியின் குணம் அவ்வளவுதான்: கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும், கூட ஒன்றும் சேர்க்காது.

பிறகு பெயரைக் கூப்பிட்டான்.

"வர்றேன்ப்பா!"

பூட்டிய அறையின் பக்கமிருந்து.

தடதடவென்று காலடிகள். வெறுங்கால். படி ஒவ்வொன்றாக முனகியது. நடுப்படியில் வந்து நின்றது.

படியில் யாரும் இல்லை.

அவள் அவனைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. பதற்றத்தில் அவன் விரல் எங்கோ பட, அக்காவின் குரல் அறை முழுக்க ஒலித்தது.

"என்னடா, முடிவு பண்ணீங்களா இல்லியா?"

"அண்ணி, அப்புறம் பேசறோம்..." என்று மனைவி கிசுகிசுத்தாள்.

"காலைல உன் பொண்டாட்டி ஒரு பேர் அனுப்பினாளே! என்னமா இருக்கு! இதையே வைங்கடா. எங்க என் தங்கம்?" என்ற அக்கா, அவர்கள் தடுப்பதற்குள் அந்தப் பெயரை வாய் நிறையக் கூப்பிட்டுவிட்டாள்.

"வந்துட்டேன்."

கதவுக்கு அந்தப் பக்கம். மிக அருகில்.

அக்கா கேட்டாள். "யாருடா அது? யாரோ ஒரு பையன் குரலா இருக்கு?"

அவன் போனை அணைத்தான். கதவிடுக்கு வழியாக ஒரு வாசனை வந்தது. மழையில் நனைந்த தலைமுடியும் மண்ணும் வியர்வையும். விளையாட்டைப் பாதியில் விட்டு ஓடி வந்த பிள்ளையின் வாசனை.

வெளியே ஒரு கால் தரையைத் தேய்த்தது. கூப்பிட்டவர்கள் வாயே திறக்காவிட்டால் எந்தப் பிள்ளைக்கும் வரும் சலிப்பு அந்தக் குரலிலும் இருந்தது.

"எதுக்குக் கூப்பிட்டீங்க?"

என்ன பதில் சொல்வது? சும்மா என்றா? போ என்றா? விளக்கம் சொல்லியே பழகியவன் கதவின் தாழ்ப்பாளை அழுத்திப் பிடித்துக்கொண்டான். வெகுநேரம் கழித்துக் காலடிகள் மெல்லத் திரும்பிப் படியேறின. இந்த முறை ஓட்டமில்லை.

கதவைத் திறந்தபோது நடையில் கொஞ்சம் ஈரம் மட்டும் இருந்தது.

திங்கட்கிழமை பதிவு அலுவலகத்தில் ஒரு புதுப் பெயரைப் பதிந்தார்கள். இரண்டே எழுத்து. அந்தப் பெயரில் முன் பெஞ்சில் ஒரு வாயாடி இருக்கிறான் என்று மனைவி சொல்லவில்லை. "எது வேணா இருக்கட்டும், பழசு வேண்டாம்," என்றாள். வேறு வீடு பார்க்கத் தரகரிடமும் சொல்லியாயிற்று.

வீடு திரும்பியதும் அவன் சமையலறையில் நின்று புதுப் பெயரை ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தான். அது நடையின் பாதியிலேயே செத்து விழுந்தது. எந்தப் பதிலும் இல்லை. மனைவியின் மடியில் கிடந்த குழந்தைகூடத் திரும்பவில்லை.

"கேக்கவே இல்ல," என்றாள். பல நாளைக்குப் பிறகு சிரித்தாள். அவனும் சிரித்தான்.

அப்போது மாடியிலிருந்து, ஓர் எழுத்தும் கரையாமல், தெள்ளத்தெளிவாக அந்தப் புதுப் பெயரை யாரோ கூப்பிட்டார்கள். சின்னப் பையன் குரல். விளையாட வரச் சொல்லும் ராகம்.

குழந்தை முதல்முறையாகத் தலையைத் திருப்பியது. படியைப் பார்த்துப் பொக்கை வாய் நிறையச் சிரித்தது.