காயாத நீலம்

"ஐயோ... கொன்னுட்டாங்களே!"

போனை எடுத்ததுமே காதைக் கிழித்தது அந்த அலறல்.

ஸ்ப்ரே அக்கா பதறவில்லை. மூக்கை மூடியிருந்த முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டாள்.

"யாரு பேசறது? யாரைக் கொன்னுட்டாங்க?"

"நான் வக்கீல்! என் காரைக் கொன்னுட்டே! பெயிண்ட் பூரா கொப்புளம்! அம்மை போட்ட மாதிரி நிக்குது வண்டி!"

அக்காவின் உதட்டில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. நல்ல சிரிப்பு இல்லை.

"எங்கெங்க சார் கொப்புளம்?"

"கூரைல... பானெட்ல... எங்கே இல்லேன்னு கேளு! உன்னைக் கோர்ட்டுக்கு இழுத்து, உன் கடைக்குப் பூட்டு போடலேன்னா நான் கறுப்புக் கோட்டையே கழட்டிடறேன்!"

"இதோ வரேன் சார். எதையும் தொடாதீங்க."

போனை வைத்தாள். உடனே வேறொரு நம்பரை அழுத்தினாள்.

"இன்ஸ்பெக்டர் சார்... மாட்டிக்கிட்டான்!"

ஸ்ப்ரே அக்கா என்பது வாடிக்கையாளர்கள் வைத்த பெயர். அவள் கையில் ஸ்ப்ரே கன் இருந்தால் பழைய தகரம்கூட ஷோரூமுக்குத் திரும்பிவிடும். கடை அவளுடையது. கணவனோடு சேர்ந்து நடத்தியது.

கணவன் இப்போது இல்லை.

ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தவனைப் பின்னாலிருந்து இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் பறந்தது ஒரு கார். வெள்ளைக் கார். பார்த்தவர்களுக்கு அதற்கு மேல் தெரியவில்லை.

அழுது தீர்த்தாள். கண்ணீர் வற்றியதும் அந்த இடத்தில் கோபம் வந்து குடியேறியது. ஓட்டியவன் மட்டும் கையில் கிடைக்கட்டும்... உப்புத்தாளால் தேய்த்தே அவன் தோலை உரிக்கிறேன்!

கிடைத்தான். அவனாகவே கடை வாசலில் வந்து நின்றான்.

வெள்ளைக் கார். இடதுபக்க மட்கார்டில் ஒரு நசுங்கல். வக்கீல் இறங்கினார். கூடவே அவர் மனைவி.

"சுவத்துல உரசிடுச்சு. வண்டி முழுக்கக் கலர் மாத்தணும். கேள்வி கேட்காம வேலையைப் பாரு!" என்றார் வக்கீல்.

"அவர் அப்படித்தான் பேசுவார். மனசுல வெச்சுக்காதீங்கக்கா. நீல நிறம் அடிச்சுடுங்களேன்... நல்ல கருநீலம்" என்றாள் வக்கீலம்மா, அக்காவின் தோளைத் தொட்டு.

அவர்கள் போன பிறகு அக்கா மட்கார்டின் அருகே குனிந்தாள்.

நசுங்கலுக்குள் ஒரு பச்சைக் கீற்று!

எந்தக் கடை டப்பாவிலும் கிடைக்காத பச்சை அது. கல்யாணமான புதிதில் கணவனின் ஸ்கூட்டருக்காக அவளே மூன்று நிறங்களைக் கலந்து உண்டாக்கியது. உலகத்தில் வேறு எந்த வண்டிக்கும் அவள் அதை அடித்ததில்லை.

தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு எழுந்து போலீஸுக்கு ஓடினாள்.

"இதுதாம்மா வண்டி. சந்தேகமே இல்லே" என்றார் இன்ஸ்பெக்டர், பச்சையில் துளியூண்டு சுரண்டிப் பத்திரப்படுத்தி, போட்டோவும் எடுத்த பிறகு. "ஆனா ஓட்டினது யாரு? அந்த வீட்டுல புருஷனும் ஓட்டறார், பொண்டாட்டியும் ஓட்டறாங்க. இதைக் கேட்டா வக்கீல் வாயைத் திறப்பாரா? கட்சிக்காரங்களுக்கு அவர் சொல்ற முதல் புத்திமதியே வாயைத் திறக்காதேங்கறதுதான்!"

"அந்த ஆளேதான் சார்! மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது!"

"மூஞ்சியை வெச்சுத் தண்டனை கொடுத்தா, பாதி டிபார்ட்மென்ட் உள்ளே இருக்கும்மா!"

"சரி சார்... ஓட்டினது யாருன்னு அந்த வண்டியே சொல்லும். எனக்குப் பெயிண்ட் அடிக்க மட்டும் அனுமதி கொடுங்க."

அடித்தாள். பார்ப்பவர் கண் கூசும் கருநீலம். மட்கார்டில் மட்டும் நசுங்கலை நிமிர்த்திவிட்டு, பச்சைக் கீற்றை அப்படியே விட்டு, அதன்மேல் மெழுகைத் தடவிப் பெயிண்ட் பூசினாள். மெழுகின்மேல் பெயிண்ட் உட்காரும்... ஆனால் பிடிக்காது!

வண்டியை ஒப்படைத்த அன்று கணவன் மனைவி இருவருக்கும் பாடம் நடத்தினாள்.

"மேலே தொட்டா காஞ்ச மாதிரிதான் இருக்கும். உள்ளே இன்னும் காயலே. ஒரு மாசத்துக்கு பாலிஷ் கூடாது, மரத்தடி கூடாது. முக்கியமா உறை போட்டு மூடவே கூடாது. வெயில்ல உள்ளே புழுங்கினா பெயிண்ட் கொப்புளிச்சு, உறையோட சேர்ந்து வந்துடும்."

"நான் என்ன முட்டாளா? மூட மாட்டேன்" என்றார் வக்கீல்.

"பத்திரமாப் பார்த்துக்கறோம்க்கா" என்றாள் வக்கீலம்மா.

இன்று காலை இன்ஸ்பெக்டர் தன் பங்குக்கு ஒரு கான்ஸ்டபிளை அந்தத் தெருவுக்கு அனுப்பினார். "புதுசா பெயிண்ட் அடிச்ச வண்டி ஏதாவது இருக்கா? ஆக்சிடென்ட் கேஸ்!" என்று ஊருக்கே கேட்கும்படி விசாரித்தான் கான்ஸ்டபிள்... வக்கீல் வீட்டை மட்டும் விட்டுவிட்டு.

"மடியில கனம் இல்லாதவங்க புதுப் பெயிண்டைக் காட்டிக்கத்தான் பார்ப்பாங்க சார்" என்றாள் அக்கா, ஜீப்பில் போகும்போது. "இடிச்சவன் மட்டும்தான் மூடுவான். கூடாதுன்னு தெரிஞ்சும் மூடுவான்."

"வக்கீலே மூடிட்டு, வக்கீலே உங்களுக்குப் போன் பண்ணிக் கத்தறாரா?"

"நடிக்கறான் சார்! பழியை என் வேலை மேல போடப் பார்க்கறான்!"

ஜீப் நின்றது.

வக்கீல் வாசலிலேயே கொதித்துக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது!

"வாங்க சார், வாங்க! நல்ல நேரத்துல வந்தீங்க! இவ மேல புகார் கொடுக்கறேன். எழுதிக்குங்க!"

"தாராளமா எழுதிக்கறேன் சார்" என்றார் இன்ஸ்பெக்டர். "ஒண்ணு விடாம சொல்லுங்க."

அக்கா காரைச் சுற்றி வந்தாள். கூரையில் துணியின் நெசவு அப்படியே பதிந்திருந்தது. பானெட்டின் குறுக்கே ஒரு தையல் தடம்.

"உறை போட்டு மூடியிருக்கீங்க!"

"என்ன உளர்றே?"

"தடவிப் பாருங்க. இது நெசவு. இது தையல்."

தடவினார். முகம் மாறியது.

"நான்... நான் காலைல ஜூனியரோட கோர்ட்டுக்குப் போயிட்டேனே! இப்பத்தான் வந்தேன். ஜட்ஜையே கேட்டுப் பாருங்க! வீட்டுல இருந்தது..."

மெல்லத் திரும்பினார்.

கதவருகே வக்கீலம்மா. வெளிறிப்போன முகம். விரல் நகங்களின் இடுக்கில்... கருநீலம்!

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவளா? அக்கா அக்கா என்று வாய் நிறையக் கூப்பிட்டவளா?

"நீ மூடினியாடி?" வீடே அதிரக் கத்தினார் வக்கீல். "மூடாதே மூடாதேன்னு தலை தலையா அடிச்சுக்கிட்டாங்களே!"

"வெயிலா இருந்துச்சுங்க... அதான்..."

"வெயிலாம் வெயில்! உன்கிட்ட இந்த வண்டி படற பாடு இருக்கே! அன்னிக்கு நான் வெளியூர் போயிருந்தப்ப எடுத்துட்டுப் போனே. சுவத்துல இடிச்சுட்டேன்னு வந்து நின்னே. அதையே பொறுத்துக்கிட்டேன்..."

"என்னங்க... வேண்டாம்..."

"என்ன வேண்டாம்? செய்யறதையும் செஞ்சுட்டு!"

"எந்த நாள் சார் அது?" என்றார் இன்ஸ்பெக்டர், ரொம்ப மரியாதையாக.

"அதான் சார்... பாலத்துகிட்ட ஸ்கூட்டர்க்காரர் ஒருத்தர் அடிபட்டுச் செத்தாரே, அன்னிக்கு! திரும்பி வர்றப்பகூட அங்கே கூட்டம் நின்னுச்சு, நல்லா ஞாபகம் இருக்கு!"

சொல்லி முடித்த பிறகுதான் அவர் பார்வை மட்கார்டுக்குப் போனது. உறையோடு உரிந்து போயிருந்தது நீலம். வெள்ளையின்மேல் அந்தப் பச்சைக் கீற்று பளிச்சென்று தெரிந்தது.

வக்கீலின் வாய் மூடிக்கொண்டது. ரொம்ப லேட்!

"அந்த ஸ்கூட்டர்க்காரர் என் வீட்டுக்காரர்" என்றாள் அக்கா.

வக்கீலம்மா அப்படியே மடிந்து உட்கார்ந்தாள்.

"திடீர்னு குறுக்கே வந்துட்டார்க்கா... பயந்துட்டேன்... சத்தியமா வேணும்னு செய்யலே..."

"இடிச்சதை விடு. கண்ணாடியில திரும்பிப் பார்த்தியா?"

வக்கீலம்மா முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"பார்த்தியா, சொல்லு!"

"பார்த்தேன்... கையைத் தூக்கினார்..."

"அப்போ உயிர் இருந்திருக்கு. தெரிஞ்சும் போயிருக்கே." அக்கா அவள் முன்னால் குனிந்தாள். "சீக்கிரம் கொண்டு வந்திருந்தா பிழைச்சிருப்பார்னு டாக்டர் சொன்னார். அது தெரியுமா உனக்கு?"

"மன்னிச்சுடுங்கக்கா..."

"மாட்டேன். சாகற வரைக்கும் மாட்டேன். உன்னைக் கூண்டுல ஏத்தி நிக்க வெச்சு, முன்வரிசையில உட்கார்ந்து பார்ப்பேன். ஒரு நாள் விடாம வருவேன்."

சொன்ன பிறகுதான் அவளுக்கு மூச்சே சீராக வந்தது. எத்தனையோ நாள் கழித்து, முதல் தடவையாக.

ஜீப்பில் கூடவே வந்திருந்த பெண் கான்ஸ்டபிள் இறங்கி வந்து வக்கீலம்மாவின் கையைப் பிடித்துத் தூக்கினாள். ஜீப்பில் ஏறும் முன் அவள் கணவனைப் பார்த்து விம்மினாள்.

"என்னங்க... என்னை விட்டுட மாட்டீங்கல்ல? கோர்ட்ல எனக்காக நீங்கதானே வாதாடப் போறீங்க?"

வக்கீல் பதில் சொல்ல வாயைத் திறந்தார். இன்ஸ்பெக்டர் முந்திக்கொண்டார்.

"முடியாதும்மா... எங்க தரப்புல முதல் சாட்சியே சார்தான்!"