பின்சக்கரத்துப் பதவி

சோயாமாவு இட்டிலியை வயிறு முட்டத் தின்றுவிட்டு, அதன்மேல் ஒரு சொம்பு மோரையும் ஊற்றிக்கொண்டு வேலைக்குக் கிளம்புவதுதான் சென்னியப்பனின் வழக்கம். செவ்வாய்க் கோளின் செங்குடியில் அவர் வகித்த பதவிக்கு வயிறுதான் முதல் தகுதி. பணிமனை வாசலில் இருக்கும் தராசு மேடையில் ஏறி நிற்பார். கண்காணிப்பாளர் ரங்கநாயகி முள்ளைப் பார்த்துத் தலையாட்டியதும், சின்ன டிராக்டரின் பின்சக்கரத்துக்கு மேலே இருக்கும் இருக்கையில் போய் உட்காருவார். மாலைவரை உட்கார்ந்தே இருப்பார்.

வண்டியை அவர் ஓட்டுவதில்லை. அது தானே ஓடும், தானே உழும், வரப்பு வந்தால் தானே திரும்பும். அதற்கு இல்லாதது எடை ஒன்றுதான். பூமியில் நூறு கிலோ காட்டும் பொருள் இங்கே முப்பத்தெட்டுத்தான் காட்டும். கப்பலில் ஏற்றுவதற்காக இளைக்க இளைக்கச் செய்த வண்டி வேறு. கலப்பையை மண்ணில் இறக்கினால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிக் குழி பறிக்கும். பூமியில் இதற்கு டயருக்குள் தண்ணீர் நிரப்புவார்கள், அல்லது சக்கரத்தில் இரும்பு வட்டுகளை முடுக்குவார்கள். செங்குடியில் தண்ணீரைக் குடிப்பதற்கே அளந்துதான் கொடுத்தார்கள். இரும்பு கப்பலில் வரவேண்டும். மனிதர்கள் ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தார்கள்.

ஆகவே எடையர் என்ற பதவி உண்டாயிற்று. வண்டியின் மூக்கு தூக்கிக்கொள்ளாமல் முன்னால் உட்காருபவர் முன்னெடையர். பின்சக்கரத்தை மண்ணோடு அழுத்துபவர் பின்னெடையர். பின்னெடையருக்கு மதிப்பு அதிகம். கல்யாணப் பந்தியில் முதல் இலை அவருக்குத்தான்.

கல்லைக் கட்டினால் ஆகாதா என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கேட்பதுண்டு. செவ்வாய்க் கல்லின் தூசி பேரிங்கைத் தின்றுவிடும் என்று பாடப்புத்தகத்தில் பதில் இருந்தது. வண்டி நாள் முழுக்க அதே தூசியில்தான் ஓடியது என்பதை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

சென்னியப்பனுக்கு வேறொரு சந்தேகம் இருந்தது. பின்சக்கரத்தின் வட்டில் எட்டுத் துளைகள் இருந்தன, ஒவ்வொன்றும் கட்டைவிரல் நுழையும் அளவு. எதிலும் போல்ட்டு இல்லை. வேலை இல்லாமல் யாராவது எட்டுத் துளை போடுவார்களா? ரங்கநாயகியிடம் கேட்டார். "காத்துப் போறதுக்கா இருக்குமுங்கண்ணா" என்று சொல்லிவிட்டாள். துளைக்குள் காற்றுப் போய் என்ன செய்யப்போகிறது என்று அவர் உட்கார்ந்தபடியே யோசிப்பார். யோசிக்க நேரம் நிறைய இருந்தது.

இந்த நிலையில் அவருக்கு மூன்று கடைவாய்ப் பற்களைப் பிடுங்கினார்கள். இரண்டு வாரம் வெறும் கஞ்சி. மறுபடி மேடையில் ஏறியபோது ரங்கநாயகி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ரெண்டு கிலோ கொறையுதுங்கண்ணா. வெள்ளிக்கெழமைக்குள்ள ஏத்திருங்க. இல்லீனா ஊர்மூளைக்குச் சொல்ல வேண்டியதாப் போயிரும்."

ஊர்மூளை என்பது செங்குடியின் நிர்வாகத்தைக் கவனிக்கும் இயந்திரம். அதனிடம் தகவல் போனால் பதவி போகும். பதவி போனால் ஜன்னல் வைத்த வீடு போய், சுரங்கத்தில் விளக்கு வெளிச்சத்து அறைதான். மனைவி மயிலாத்தாள் அந்த ஜன்னலில் ஏற்றிவிட்ட அவரைக்கொடி இப்போதுதான் மொட்டு வைத்திருந்தது. அதைவிடவும் அவர் பயந்தது ஊர் வாய்க்கு. பதவி போனவரைப் பார்த்து, "பாவம், சும்மா இருக்கார்" என்பார்கள். செங்குடியில் ஒருவரைப் பற்றி அதைவிட மோசமாக எதுவும் சொல்லிவிட முடியாது.

வெள்ளிக்கிழமை காலையில் நடைபாதை ஓரத்துக் கற்கள் இரண்டைக் கோட்டின் உள்பையில் போட்டுக்கொண்டு மேடையில் ஏறினார்.

"நல்லாத் தேறிட்டீங்களே" என்றாள் ரங்கநாயகி.

அன்று முழுவதும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எந்த நிமிடம் பேரிங் கரகரக்குமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார். ஒன்றும் கரகரக்கவில்லை. மாறாக, பல் பிடுங்குவதற்கு முன்னால் இருந்ததைவிடச் சக்கரம் அழுத்தமாகப் பிடித்து ஓடியது. மறுநாள் இன்னும் இரண்டு கற்கள் போட்டுக்கொண்டார். உழவு இன்னும் ஆழமாக விழுந்தது. பயம் போய் அந்த இடத்தில் ஓர் அரிப்பு வந்து உட்கார்ந்தது. கல் மட்டுமே போதுமா என்று பார்த்துவிடாமல் அவரால் சாப்பிட முடியவில்லை.

அடுத்த வாரம் வெறும் சாக்கை மடித்து எடுத்துப்போய், தராசைத் தாண்டிய பிறகு வழியில் கல் பொறுக்கி நிரப்பிக்கொண்டார். வயல்வெளியை மூடிய கண்ணாடிக் கூரையின் கடைசி மூலையில், யார் கண்ணிலும் படாத வயலில், சாக்கை இருக்கையில் வைத்துவிட்டு அவர் கீழே இறங்கிக்கொண்டார். வண்டி ஒரு கணம் நின்றது. பிறகு கிளம்பிப் போயிற்று. கோடு போட்டாற்போல ஓர் உழவுச்சால் விழுந்தது. அதன் பின்னாலேயே அவர் நடந்தார். வரப்பில் வண்டி திரும்பி நின்றதும் சக்கரத்தின் அருகே குந்தி, துளை ஒன்றில் விரலை விட்டார். உள்ளே பழைய கல்தூள் இறுகிக் கிடந்தது.

"ஏப்பா, இந்த ஓட்டையெல்லாம் எதுக்கு?" என்று வண்டியையே கேட்டார்.

"கல்லு மாட்டறதுக்குங்க" என்றது வண்டி.

அதற்குப் பேசத் தெரியும், பொய் சொல்லத் தெரியாது. யாரும் கேட்காமல் தானாகப் பேச்செடுக்கும் வழக்கமும் இல்லை.

"அப்ப பேரிங்கு?"

"அதுக்கு ஒண்ணும் ஆகாதுங்க. மொத நாலு வருசம் கல்லோடதான் ஓடுனேன்."

"பொறகு ஏன் கழட்டுனாங்க?"

வண்டி சொன்னது. எல்லா வேலையையும் இயந்திரங்களே செய்ததால் வந்திறங்கிய சனம் முதல் வருடம் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் தூக்கம் போயிற்று. பக்கத்து வீட்டோடு சண்டை, நோயே இல்லாமல் ஆஸ்பத்திரியில் வரிசை. "ஒரு நாளு ஒரு பெரியவர் வெளையாட்டா மேல ஏறி உக்காந்தாருங்க. பூமியில ஏதோ ஆபீசுல இருந்தவரு, உக்காந்து பழக்கம். சாயங்காலம் எறங்கறப்ப இடுப்பப் புடிச்சுக்கிட்டு, இன்னைக்குச் சரியான வேலைன்னாரு. அன்னைக்கு ராத்திரி நல்லாத் தூங்குனாருங்க. காலையில பாத்தா பணிமனை வாசல்ல ஒரே கூட்டம். எனக்கும் ஒரு சீட்டு வேணும்னு. ஊர்மூளை கல்லக் கழட்டச் சொல்லிருச்சு."

சென்னியப்பன் மனசுக்குள் கணக்குப் போட்டார். எத்தனை வருடம், எத்தனை ஆயிரம் இட்டிலி. எல்லாம் ஒரு கல் செய்கிற வேலைக்கு. அந்தக் கல்லுக்குப் பல்வலி கூட வராது. அவமானமும் கோபமும் சேர்ந்து வந்தன.

"இத நான் ஊர்க்கூட்டத்துல சொல்லத்தான் போறேன்."

"சொல்லலாமுங்க. யாரும் தடுக்க மாட்டாங்க. உங்களுக்கு முன்னால பதினோரு பேரு இதே மாதிரி எறங்கி நின்னு கேட்டாங்க. அவங்களும் சொல்லப் போறதாத்தான் சொன்னாங்க."

"சொன்னாங்களா?"

"அடுத்த நாளு வந்து ஏறி உக்காந்துக்கிட்டாங்க."

அவர் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பதினோரு பேரும் யார் யார் என்று கேட்க வாயெடுத்து, ஒரு பேரை மட்டும் கேட்டார்.

"ரங்கநாயகியுமா?"

"அவங்கதான் மொத ஆளுங்க, எடையரா இருந்தப்பவே கேட்டுட்டாங்க. இப்பப் பாக்கற வேலையும் அப்படித்தான், தராசு எடையத் தானே ஊர்மூளைக்கு அனுப்பிருது. பாத்துச் சொல்ல ஆளு தேவையில்லீங்க."

அப்படியானால் வெள்ளிக்கிழமையே அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. நல்லாத் தேறிட்டீங்களே என்று முகம் மாறாமல் சொன்னாளே. அவர் சாக்கை இறக்கிக் கல்லை வரப்பில் கொட்டினார். கோட்டுப் பையில் இருந்ததை மட்டும் விட்டுவைத்து, மேலே ஏறி உட்கார்ந்தார். வண்டி மிச்ச வயலை உழுது முடித்தது.

மாலையில் இறங்கும்போது இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார். அது நடிப்பில்லை, உண்மையாகவே வலித்தது. ரங்கநாயகி மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு நேரமே வந்துருங்கண்ணா. நீங்க இல்லீனா வண்டி நவுராது."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவளும் பார்த்தாள்.

"வந்தர்றேன் அம்மிணி" என்றார்.

வீட்டில் மயிலாத்தாள் வலது கட்டைவிரலை வெந்நீரில் விட்டு உட்கார்ந்திருந்தாள். பாசன இயந்திரம் தண்ணீர் திறக்கட்டுமா என்று கேட்கும்போதெல்லாம் பச்சைப் பொத்தானை அழுத்துவது அவள் வேலை. ஒப்புதலர் என்று பதவிக்குப் பெயர்.

"இன்னைக்குச் சரியான வேலை" என்றபடி அவர் சாய்ந்தார்.

"எனக்குந்தானுங்க. அந்த மெசினு ஓயாமக் கேட்டுட்டே இருந்துச்சு."

அவள் அழுத்தாவிட்டால் தண்ணீர் நின்றுவிடுமா என்று அவருக்கு ஒரு நினைப்பு ஓடியது. நாளைக்குப் போய் அந்த இயந்திரத்தைக் கேட்டால் சொல்லிவிடும். அவர் தேங்காய் எண்ணெய்ப் புட்டியை எடுத்துவந்து, அவள் கையை மடியில் வைத்துக் கட்டைவிரலை நீவிவிட்டார்.

"வலிக்குதா?"

"வலிக்காம இருக்குமுங்களா?" என்றவள், ஜன்னலோரம் விரிந்திருந்த முதல் அவரைப் பூவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அந்தக் கோட்டக் கழட்டிக் குடுங்க. உள்பைக்கு ரெட்டைத் துணி வெச்சுத் தெச்சுத் தர்றேன். கல்லு கனம் தாங்காம ஓரமெல்லாம் கிழியுது."

சென்னியப்பன் கோட்டைக் கழற்றிக் கொடுத்தார். அப்புறம் கட்டைவிரலுக்கு இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் தேய்த்தார்.